பூனையின் அட்ரீனல் கட்டிக்கு அறுவை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான பூனைக்கு வயிற்று ஸ்கேன் எடுத்த இடத்தில் "அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்காக எழுதியது இது. பூனைகளில் இது தினமும் பார்க்கிற நோய் இல்லை. அதனாலேயே, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன். பூனைகளில் அறுவை சிகிச்சையால் நல்ல பலன் கிடைப்பது பெரும்பாலும் அதில்தான்.

அட்ரீனல் சுரப்பி எங்கே இருக்கிறது? அது என்ன செய்கிறது?

இரண்டு சிறுநீரகங்களுக்கும் முன்னால், கொஞ்சம் உள்பக்கமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. ஆரோக்கியமான பூனையில் ஒரு காராமணிப் பயறு அளவுதான். நீளம் ஒரு சென்டிமீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். வெளிப்பகுதி ஆல்டோஸ்டீரோன், கார்ட்டிசோல், கொஞ்சம் பாலின ஹார்மோன்கள் ஆகியவற்றைச் சுரக்கிறது. உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. கட்டி எந்த ஹார்மோனை அளவுக்கு மீறிக் கொட்டுகிறதோ, அதற்கேற்றபடி நோயின் முகம் மாறும்.

எங்கள் பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கப் போடுகிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் இருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் உப்பைச் சிறுநீரகத்தில் பிடித்து வைக்கும். பதிலுக்குப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ஹார்மோன் எல்லை மீறினால் இரண்டு கெடுதல்கள் சேர்ந்தே வரும்: பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைந்தால் தசைக்கு வலு இருக்காது. நாய்க்குத் தலையைத் தாங்கிப் பிடிக்கக் கழுத்தின் மேற்பக்கம் ஒரு வலுவான நாண் உண்டு, பூனைக்கு அது கிடையாது. அதனால் பூனையின் தசை சோர்ந்ததும் தலை முன்னால் சாய்ந்து, தாடை மார்பைத் தொடும் நிலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு முன்பே கட்டில் மேல் குதிக்கத் தயங்குவது, நாலு எட்டு நடந்து உட்கார்ந்துவிடுவது போன்றவை தென்பட்டிருக்கும்.

பி.பி. பக்கம் வேறு கதை. பல வீடுகளில் முதலில் கவனிப்பதே பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போவதைத்தான். நேற்று வரை ஒழுங்காக இருந்த பூனை இன்று சுவரில் முட்டுகிறது, கண்மணி விரிந்தே கிடக்கிறது என்றால், ஏறிய பி.பி. விழித்திரையைப் பிரித்துவிட்டது என்று பொருள். இது அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

மற்ற கட்டிகளின் அடையாளம் வேறு. கார்ட்டிசோல் சுரக்கும் கட்டி உள்ள பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். இன்சுலின் எவ்வளவு ஏற்றினாலும் கட்டுக்குள் வராது. தோல் காகிதம் மாதிரி மெலிந்து, சும்மா பிடித்துத் தூக்கினாலே கிழியும். கருத்தடை செய்த ஆண் பூனை பல வருஷம் கழித்துத் திடீரென்று சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்ச ஆரம்பித்தால், பாலின ஹார்மோன் சுரக்கும் கட்டியையும் சந்தேகிக்க வேண்டும். அட்ரினலின் சுரக்கும் கட்டி பூனைகளில் மிக அபூர்வம்.

வயசாகிவிட்டது, கிட்னியும் கொஞ்சம் போயிருக்கிறது, அதனால்தான் சோர்வு என்று சொன்னார்களே?

இந்த இடத்தில்தான் நோய் அடிக்கடி நழுவிப் போகிறது. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறிலும் பி.பி. ஏறும், பொட்டாசியம் குறையும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்ததும் "கிட்னிதான்" என்று கோப்பை மூடிவிடுவது சுலபம். போதாக்குறைக்கு, ஆல்டோஸ்டீரோன் அதிகமானால் அதுவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருந்து கொடுத்தும் பொட்டாசியம் திரும்பத் திரும்ப இறங்கினால், அல்லது பி.பி. மாத்திரை இரண்டு மடங்காகியும் எண் குறையவில்லை என்றால், அட்ரீனலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மனிதர்களில் ஆல்டோஸ்டீரோன் அதிகமாகும் இந்த நோயை அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்தார். கான் நோய் என்ற பெயர் அப்படி வந்தது. பூனையில் இதைப் பற்றிய முதல் பதிவு 1983-இல்தான் வெளிவந்தது. கால்நடை மருத்துவத்தில் இது இன்னும் இளைய பாடம்.

பூனைக்கு பி.பி. பார்ப்பது நம்பகமானதா? டாக்டரைப் பார்த்தாலே ஏறிவிடாதா?

ஏறும். அதனால்தான் அவசரமாகப் பார்க்கக் கூடாது. அமைதியான அறையில் கூடையைத் திறந்து வைத்து, பூனை தானாக வெளியே வந்து ஐந்து பத்து நிமிஷம் பழக விட வேண்டும். பிறகு முன்னங்காலிலோ வால் அடியிலோ சின்னப் பட்டையைச் சுற்றுவார்கள். பட்டையின் அகலம் அந்த இடத்துச் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். குறுகலான பட்டை பொய்யாக அதிகம் காட்டும். முதல் எண்ணை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தாறு எண்களின் சராசரியை எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தும் மேல் எண் 160-ஐத் தாண்டி நின்றால் கவனிக்க வேண்டியது. 180-க்கு மேல் போனால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாமே ஆபத்தில் இருக்கின்றன.

ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தால் கட்டிதான் என்று முடிவா?

இல்லை. தைராய்டு அதிகம் சுரக்கும் பூனைகளிலும், நாள்பட்ட நோயில் இருக்கும் பூனைகளிலும் அட்ரீனல் கொஞ்சம் பருத்திருக்கலாம். இரண்டு பக்கமும் சமமாகப் பருத்திருந்தால் கட்டி என்பதைவிட வளர்ச்சிப் பெருக்கம் (சுரப்பித் திசு மொத்தமாகப் பெருகுவது) என்று நினைப்பதற்கே இடம் அதிகம். கார்ட்டிசோல் நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஏறக்குறைய ஐந்தில் நான்கு பூனைகளில் மூல காரணம் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனல் அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது, அவ்வளவுதான். அந்த மாதிரிப் பூனையில் ஒரு பக்க அட்ரீனலை மட்டும் எடுத்து ஒரு பயனும் இல்லை. வேறு இடத்துப் புற்று பரவி வந்து அட்ரீனலில் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

அதனால் ஸ்கேன் படத்தோடு இரத்தமும் பேச வேண்டும். பொட்டாசியம் குறைவாக இருக்கும்போதும் ஆல்டோஸ்டீரோன் உயர்ந்தே இருந்தால் அது பலமான சாட்சி; ஏனென்றால், நல்ல உடம்பில் பொட்டாசியம் இறங்கினால் இந்த ஹார்மோனும் இறங்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் எடுத்தாகிவிட்டது. சி.டி. வேறு எதற்கு?

அறுவை செய்யப் போகிறோம் என்றால், என் அபிப்பிராயத்தில் இதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. சுரப்பியின் மேல் குறுக்காக ஒரு சிறிய சிரை ஓடி, வயிற்றின் பெருஞ்சிரையில் போய்ச் சேர்கிறது. கட்டி அந்தச் சிரை வழியாகப் புகுந்து பெருஞ்சிரைக்குள்ளேயே நாக்கு நீட்டி வளர்ந்திருக்கலாம். அது முன்கூட்டியே தெரிந்தால் அறுவை நிபுணர் வேறு விதமாகத் தயாராகி வருவார், இல்லையென்றால் "இதைத் தொட வேண்டாம்" என்று சொல்வார். நுரையீரலில் பரவியிருக்கிறதா, மறுபக்க அட்ரீனல் எப்படி இருக்கிறது, சிறுநீரகத்தை ஒட்டிப் பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அதே படத்தில் தெரியும்.

மாத்திரையிலேயே ஓட்ட முடியாதா?

சில பூனைகளை மாதக்கணக்கில், சிலவற்றை வருஷக்கணக்கில்கூட ஓட்டலாம். ஸ்பைரோனோலாக்டோன் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும், பொட்டாசியம் குளுகோனேட் இழப்பை ஈடுசெய்யும், அம்லோடிபின் பி.பி.யை இறக்கும். ஆனால் மூன்றுமே கட்டியைத் தொடுவதில்லை. கட்டி வளர வளர மருந்தளவும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பொட்டாசியம் மருந்தை ஏற்றியும் பலன் இருக்காது. கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும் அபாயமும் கூடவே இருக்கிறது.

இரண்டு பக்கமும் நோய், வேறு உறுப்புக்குப் பரவல், சிறுநீரகமோ இதயமோ மிக மோசம், மயக்கம் தாங்காது என்ற நிலை, இவற்றில் மாத்திரைதான் சரியான வழி. ஒரே பக்கக் கட்டி, பரவவில்லை, பூனை ஓரளவு தெம்பாக இருக்கிறது என்றால், அறுவையைத் தள்ளிப் போட எனக்குக் காரணம் தெரியவில்லை.

இடையில் ஒரு விஷயம். அம்லோடிபின் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் அதே பி.பி. மாத்திரைதான். "அதிலிருந்து பாதி கொடுக்கலாமே" என்று தோன்றும். பூனைக்கு ஆரம்ப அளவு 0.625 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. வீட்டில் இருப்பது 5 மி.கி. என்றால் பாதி என்பது நாலு மடங்கு. டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

பதிமூன்று வயசுப் பூனைக்கு அறுவை வேண்டுமா?

இந்த நோய் வருவதே பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைக்குத்தான். வயதை மட்டும் வைத்து மறுத்தால் யாருக்குமே செய்ய முடியாது. கிரியேட்டினின், இதய எக்கோ, எடை இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

அறுவைக்குத் தேதி கொடுக்க ஏன் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள்?

பாதி வெற்றி அந்த இரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. பொட்டாசியம் தரையில் கிடக்கும்போது மயக்கம் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசையும் ஒத்துழைக்காது. வாய்வழி மருந்திலும், தேவைப்பட்டால் டிரிப்பிலும் ஏற்றுவார்கள். டிரிப்பில் அவசரம் கூடாது; ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டாமல் போடுவது விதி. எவ்வளவு போட்டும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தையும் பார்ப்பார்கள். கூடவே பி.பி.யும் 160-க்குக் கீழே வர வேண்டும்.

கார்ட்டிசோல் கட்டி என்றால் கார்ட்டிசோல் சுரப்பைக் குறைக்கும் டிரைலோஸ்டேனைச் சில வாரம் கொடுத்துத் தோலையும் சர்க்கரையையும் கொஞ்சம் தேற்றிவிட்டு இறங்குவது நல்லது. இல்லையென்றால் போட்ட தையலே தோலைக் கிழிக்கும். அட்ரினலின் கட்டி சந்தேகம் இருந்தால் அதற்கென்று தனி பி.பி. தடுப்பு மருந்தை ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

அப்புறம் இரத்தம். பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று இரத்தப் பிரிவுகள் உண்டு. மனிதர்களில் ஓ பிரிவு மாதிரி எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய பிரிவு இவற்றில் இல்லை. பி பிரிவுப் பூனையின் உடம்பில் ஏ இரத்தத்துக்கு எதிரான பொருள் பிறவியிலேயே பலமாக இருக்கும். தவறி ஏ இரத்தம் ஏற்றினால் முதல் தடவையே உயிர் போகலாம். அதனால் பிரிவு பார்த்து, பொருத்தமும் பார்த்து, இரத்தம் கொடுக்கும் பூனையைத் தயாராக வைத்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

அறுவையின்போது உண்மையில் என்ன நடக்கிறது?

பூனையை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றின் நடுக்கோட்டில் திறப்பதே வழக்கம். இரண்டு சுரப்பிகளையும், கல்லீரலையும் பார்த்துவிட முடியும் என்பது அதன் வசதி. குடலை ஒதுக்கிவிட்டுச் சிறுநீரகத்துக்கு முன்னால் போனால் கொழுப்புக்குள் புதைந்தபடி கட்டி தெரியும். அதை நேரடியாகக் கிடுக்கியால் பிடிக்க மாட்டார்கள். உறை பிய்ந்தால் கட்டிச் செல்கள் வயிற்றில் சிந்திவிடும். சுற்றியுள்ள திசுவைப் பிடித்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்து, உள்ளே வரும் நுண்ணிய குழாய்களை ஒவ்வொன்றாக உலோகக் கிளிப் போட்டோ, சூட்டில் ஒட்டும் கருவியாலோ அடைத்துக்கொண்டே போக வேண்டும். முன்னே சொன்ன அந்தக் குறுக்குச் சிரையை இரண்டு பக்கமும் கட்டி வெட்டிய பிறகுதான் சுரப்பி கைக்கு வரும்.

இடது பக்கம் ஓரளவு இடம் இருக்கும். வலது பக்கச் சுரப்பியோ பெருஞ்சிரையை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கட்டிக்கும் சிரைச் சுவருக்கும் நடுவில் பிரிப்பதுதான் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடும் நேரம். நாலு கிலோ பூனையின் மொத்த இரத்தமே 240 மி.லி. வாக்கில்தான். நாயில் சமாளித்துவிடக்கூடிய கசிவு பூனையில் பெரிய நெருக்கடி. கட்டி சிரைக்குள் புகுந்திருந்தால், சிரையைச் சுற்றி நாடா போட்டுச் சில நிமிஷம் இறுக்கி, கீறி, நாக்கை வெளியே இழுத்து, திரும்பத் தைக்க வேண்டியிருக்கும்.

இந்த நேரம் முழுக்க மயக்க மருத்துவர் நிமிஷத்துக்கு நிமிஷம் பி.பி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அறுவை நிபுணரைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு அவரைப் பற்றியும் கேளுங்கள்.

சின்னத் துளை போட்டுச் செய்ய முடியாதா?

கேமரா வழி அறுவை பூனைகளிலும் செய்கிறார்கள். கட்டி சிறியதாகவும், சிரைக்குள் போகாமலும், செய்பவருக்கு நல்ல பழக்கமும் இருந்தால் சரி. பூனையின் வயிறு சின்னது. இரத்தம் கசிந்தால் உடனே முழுசாகத் திறக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

நேர்மையாகச் சொன்னால், இது ஆபத்துள்ள அறுவைதான். ஆல்டோஸ்டீரோன் கட்டிக்காக ஒரு பக்க அட்ரீனலை எடுத்த 10 பூனைகளைப் பற்றி 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 8 பூனைகள் வீடு திரும்பின. உயிர் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 1,297 நாள், அதாவது மூன்றரை வருஷம். பத்தே பூனைகள் என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் போக்கு தெளிவாக இருக்கிறது: ஆபத்து முன்னால் குவிந்திருக்கிறது. முதல் சில நாள் தாண்டிவிட்டால், பெரும்பாலான பூனைகள் நன்றாகவே இருக்கின்றன, பல மாத்திரைகள் நின்றும் போகின்றன. கார்ட்டிசோல் கட்டியில் தோல், தொற்று, இரத்தக் கட்டி அடைப்பு எல்லாம் சேர்வதால் பாதை இதைவிடக் கரடு.

முதல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பார்கள்?

உள்ளே இரத்தம் கசிகிறதா என்று முதலில். அதற்கடுத்துப் பொட்டாசியம், இந்தத் தடவை எதிர்த்திசையில். கட்டி இத்தனை காலம் ஹார்மோனைக் கொட்டியதால் மறுபக்கச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிப் போயிருக்கும். கட்டியை எடுத்ததும் உடம்பில் ஆல்டோஸ்டீரோன் போதாமல் பொட்டாசியம் ஏறலாம். அதனால் முன்பு கொடுத்த பொட்டாசியத்தையும் ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்திவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். தேவைப்பட்டால் ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாக வேலை செய்யும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனைக் கொஞ்ச காலம் தருவார்கள்.

கார்ட்டிசோல் கட்டியென்றால் ஸ்டீராய்டு ஊசி அறுவையின்போதே தொடங்கிவிடும். பிறகு பிரெட்னிசோலோன் மாத்திரையாக வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையும். அதை நீங்களாக நிறுத்தினால் பூனை சாய்ந்துவிடும். சர்க்கரை நோய்ப் பூனைக்கு இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை தரைமட்டமாகும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

பத்துப் பதினான்கு நாள் குதிக்க விடாமல் ஒரு சின்ன அறையில் வையுங்கள். மலப்பெட்டியின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு கட்டாயம். "பாவமாக இருக்கிறது" என்று அரை மணி நேரம் கழற்றிவிட்டுத்தான் பல தையல்கள் பிரிந்திருக்கின்றன.

சாப்பாட்டை எண்ணிக்கொண்டே இருங்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி வேறு நோயாகும். அதனாலேயே சில டாக்டர்கள் அறுவையின்போதே கழுத்தில் உணவுக்குழாய் வைத்து அனுப்புவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், பயன் பெரிது.

வலிக்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொல்லும்.

சோர்ந்து விழுவது, ஈறு வெளுப்பது, வாந்தி, மூச்சிரைப்பு, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொள்வது, இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பயாப்சியில் புற்று என்று வந்தால்?

பயப்படத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன 2014 ஆய்வில், சாதாரணக் கட்டி இருந்த பூனைகளுக்கும் புற்றுக் கட்டி இருந்தவற்றுக்கும் வாழ்நாளில் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. முழுசாக எடுத்தாகிவிட்டதா, பரவல் இருந்ததா என்பவைதான் முக்கியம். சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் எடுத்தால் உயிர் வாழுமா?

வாழும், ஆனால் ஆயுள் முழுக்க ஆல்டோஸ்டீரோன், கார்ட்டிசோல் இரண்டுக்கும் பதிலாக மருந்து கொடுக்க வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. மாத்திரையைக் கண்டால் பீரோவுக்கு அடியில் ஒளியும் பூனை என்றால் நன்றாக யோசியுங்கள்.

செலவை எப்படிக் கேட்பது?

ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். சி.டி., ஹார்மோன் பரிசோதனை, இரத்தப் பொருத்தம், அறுவை, மயக்கம், ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு எவ்வளவு, பயாப்சி என்று பிரித்துக் கேளுங்கள். பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் எதிர்பாராமல் நீளும் ஐ.சி.யூ. நாட்கள்தான். இரவில் பூனையைப் பார்க்க ஆள் இருப்பார்களா என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

மறுபரிசோதனைக்கு எப்போதெல்லாம் வர வேண்டும்?

முதல் வாரத்தில் பொட்டாசியமும் பி.பி.யும். தையல் பிரிக்கும் நாளில் அதே இரண்டும், கூடவே கிரியேட்டினினும், பி.பி. இறங்கிய பிறகு சிறுநீரகத்தின் உண்மை நிலை அப்போதுதான் வெளியே தெரியும். பிறகு ஒரு மாதம், மூன்று மாதம். அம்லோடிபினை எண் பார்த்து மெல்லக் குறைப்பார்கள். சிறுநீரகம் ஏற்கனவே கெட்டிருந்தால் குறைந்த அளவில் அது தொடரும். விழித்திரை பிரிந்து பல நாள் ஆகியிருந்தால் பார்வை திரும்புவது சந்தேகம்தான். கண் தெரியாத பூனைக்கு வீட்டில் நாற்காலி, தண்ணீர்க் கிண்ணம், மலப்பெட்டி மூன்றையும் இடம் மாற்றாமல் வைத்தால் போதும், மீசையாலும் காதாலும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.